நீர் வடிந்த பின்

நுழையும்முன்

வெள்ளம் வருமுன் செய்ய வேண்டியவற்றைப் பலரும் எடுத்துரைக்கின்றனர். வெள்ளம் வடிந்த வீட்டிற்குள் முதலில் எதைச் செய்வது, எதைத் தவிர்ப்பது என்பதைச் சொல்வோர் குறைவு. வீட்டையும் வீட்டிலுள்ள பொருள்களையும் மீட்பதில் முதல் இரண்டு நாள்களுக்கு உள்ள இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெய்த மழையைத் தமிழகம் எளிதில் மறவாது. நவம்பர் மாதம் முழுவதும் பெய்த மழையால் ஏரிகள் முன்னரே நிரம்பியிருந்தன. தாம்பரத்தில் அந்த ஒரு நாள் மழை மட்டும் ஏறத்தாழ 49 செ.மீ. அளவினது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும், பிற ஏரிகளிலிருந்து வழிந்த நீரும் அடையாற்றில் சேர்ந்தன. முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகளில் வீடுகளின் தரைத்தளங்கள் மூழ்கின. மக்கள் மாடிகளிலும் மேல்தளங்களிலும் தங்கி உயிர் காத்துக்கொண்டனர்.

அந்நாள்களைப் பற்றிய ஒளிப்படங்களில் படகுகளும் கயிறு பிடித்து நடக்கும் மனிதர்களும் மிகுதியாகக் காணப்படுகின்றனர். அதன் பின் வந்த வாரத்தின் காட்சி வேறு. நீர் வடிந்த தெருக்களின் இருபுறமும் மெத்தைகள், தலையணைகள், உப்பிப்போன மேசைகள், பாடநூல்கள், துணிமூட்டைகள் ஆகியன குவியல் குவியலாகக் கிடந்தன. அவற்றுள் நீரே கெடுத்த பொருள்களும் இருந்தன. நீர் வடிந்தபின் ஈரத்தோடு கிடந்ததால் கெட்ட பொருள்களும் இருந்தன. முதல் வகைக் கேட்டைத் தடுக்க வீட்டாரால் இயலாது. இரண்டாம் வகைக் கேடு பெருமளவு அவர்தம் கையில் உள்ளது.

ஈரமும் பூஞ்சையும்

பூஞ்சையின் வித்துகள் எங்கும் உள்ளன. வீட்டின் காற்றிலும் தூசியிலும் அவை எப்போதும் கலந்தே இருக்கின்றன. அவை முளைத்துப் படர உணவும் வெப்பமும் ஈரமும் தேவை. தாள், பருத்தி, மரம், பசை, சுவரில் படிந்த அழுக்கு ஆகிய அனைத்தும் அவற்றுக்கு உணவே. தமிழகத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அவற்றுக்கு ஏற்றதாகவே உள்ளது. எஞ்சியது ஈரம் ஒன்றுதான். ஊறுகாய்ச் சாடியில் ஈரக் கரண்டியை இட்டால் பூசணம் பூக்கும் என்பதை அறியாத இல்லத்தார் இல்லை. வெள்ளம் புகுந்த வீடு முழுவதுமே ஈரக் கரண்டி பட்ட சாடியாகிவிடுகிறது.

நனைந்த பொருளில் 24 மணி முதல் 48 மணி நேரத்திற்குள் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். கண்ணுக்குப் புலப்படும் கரும்புள்ளிகள் தோன்றச் சில நாள்கள் ஆகலாம். ஆனால் அவை தோன்றும்போது வேர்விடும் வேலை முடிந்திருக்கும். ஆகவேதான் முதல் இரண்டு நாள்களில் செய்யும் பணி, பின்னர் இரண்டு வாரம் செய்யும் பணியைவிடப் பயன் மிகுந்தது. பூஞ்சை படர்ந்த வீட்டில் வாழ்வோருக்கு, குறிப்பாக ஆஸ்துமா உடையோருக்கும் குழந்தைகளுக்கும், மூச்சுத் தொல்லை மிகும் என்பதையும் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

வீட்டிற்குள் நுழைதல்

சைதாப்பேட்டையை ஒட்டிய தெரு ஒன்றில் தரைத்தள வீடு ஒன்றை எடுத்துக்காட்டாக மனத்தில் கொள்ளலாம். தாய், தந்தை, பாட்டி, பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மகள் ஆகிய நால்வர் அவ்வீட்டில் வாழ்கின்றனர். இரண்டு நாள் மேல்மாடியில் தங்கிவிட்டு இறங்கி வருகின்றனர். வீட்டிற்குள் கணுக்கால் அளவு நீர் இன்னும் நிற்கிறது. சுவரில் நான்கடி உயரத்தில் சேற்றுக்கோடு தெரிகிறது. உள்ளே ஓடிச்சென்று கைக்குக் கிடைத்ததை எடுக்கவே மனம் விரையும். விரைவு வேண்டும், எனினும் அந்த முதல் ஐந்து நிமிடத்தில் நிதானமே வேண்டும்.

முதற்பணி மின்சாரம் பற்றியது. மின்னிணைப்புப் பெட்டி நனைந்திருந்தாலோ, நீரில் நின்றுகொண்டுதான் அதைத் தொட இயலும் என்றாலோ, அதனைத் தொடுதல் கூடாது. மின்வாரியப் பணியாளரையோ தேர்ந்த மின்பணியாளரையோ கொண்டு இணைப்பைத் துண்டித்த பின்னரே உள்ளே செல்ல வேண்டும். தெருவில் மின்சாரம் இல்லை என்பதை மட்டும் நம்பிவிடலாகாது. அது எந்த நொடியிலும் திரும்ப வரலாம். இன்று பல வீடுகளில் இன்வெர்ட்டர் உள்ளது. வெளி மின்சாரம் நின்றாலும் அது வீட்டுக் கம்பிகளில் மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்தும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்னும் துணிவில் நீரில் இறங்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர். எரிவாயு உருளையின் குமிழ் மூடியுள்ளதா என்று பார்ப்பதும், வாயு நெடி வீசினால் தீக்குச்சி கொளுத்தாமல் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேறுவதும் இதனோடு சேர்ந்தவை. ஆற்றுநீரோடு பாம்பும் தேளும் வீட்டிற்குள் வந்து ஒதுங்குவதுண்டு. அலமாரியின் அடித்தட்டில் வெறுங்கையை நுழைக்காமல், கோல் கொண்டு தட்டிப் பார்த்தல் நலம்.

அடுத்து, எதையும் நகர்த்துமுன் ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சுவரின் சேற்றுக்கோடு படத்தில் தெரிதல் சிறப்பு. காப்பீட்டு நிறுவனத்திடமும் நிவாரணக் கணக்கெடுப்போரிடமும் காட்ட அதுவே சான்றாகும். வீட்டைக் கழுவித் தூய்மை செய்தபின் இழப்பை மெய்ப்பிப்பது கடினம்.

வீட்டில் புகுந்த நீர் எத்தகையது என்பதும் அறியத்தக்கது. மேல்நிலைத் தொட்டி வழிந்தோ குடிநீர்க் குழாய் உடைந்தோ பரவிய நீர் தூயது. அதில் நனைந்த மெத்தையைக்கூட உடனே உலர்த்திப் பயன்படுத்தலாம். தெருவில் ஓடிவந்த வெள்ளநீர் அவ்வாறன்று. அதில் சாக்கடையும் கழிவுத்தொட்டி நீரும் கலந்துள்ளன. எலியின் சிறுநீர் கலந்த நீர் தோலிலுள்ள சிறு புண் வழியே உடலில் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். ஆதலால் காலுறை போன்ற ரப்பர் காலணியும் கையுறையும் இன்றி இப்பணியில் இறங்குதல் தகாது. தூய நீரும் தேங்கிக் கிடந்தால் இரண்டொரு நாளில் தூய்மை இழந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சேறு காயுமுன்

நம் எடுத்துக்காட்டு வீட்டின் பாட்டி சிற்றூரில் ஆற்றங்கரையில் பிறந்தவர் என்று கொண்டால், அவர் முதலில் கேட்பது துடைப்பமாகத்தான் இருக்கும். நீர் வடியும்போதே அந்த நீரைக்கொண்டே சேற்றை வாசல்நோக்கித் தள்ளிவிடுவது ஆற்றங்கரை மக்களின் வழக்கம். வெள்ளம் கொணரும் வண்டல் மிக நுண்ணியது. ஈரமாக உள்ளபோது அது கூழ்போல் நகரும். காய்ந்துவிட்டால் மண்வெட்டிகொண்டு சுரண்ட வேண்டிய கட்டியாகிவிடும். காய்ந்த சேறு தூளாகிக் காற்றில் கலந்து நுரையீரலுக்கும் கேடு செய்யும்.

சேற்றை அகற்றி, சோப்புநீர் கொண்டு தரையையும் சுவரையும் தேய்த்துக் கழுவிய பின்னரே பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைப் பயன்படுத்த வேண்டும். சேற்றின்மீதே அதனைத் தூவுவதைப் பல இடங்களில் காணலாம். வெண்மையாகத் தெரிவதால் மனத்துக்கு ஆறுதல் கிடைக்கலாம். ஆனால் சேற்றிலுள்ள கரிமப்பொருள்களோடு வினைபுரிந்து குளோரின் தன் ஆற்றலை இழந்துவிடுகிறது. கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருங்கே பயன்படுத்துதல் பேரிடர். அக்கலவையிலிருந்து குளோரின் வளி வெளிப்படும். மூடிய சிறு கழிப்பறைக்குள் அவ்வளி உயிருக்கே ஊறு செய்ய வல்லது. நிலத்தடித் தொட்டியில் வெள்ளநீர் கலந்திருப்பின் அந்நீரை முழுதும் இறைத்துக் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குளோரின் இட்ட பின்னரே புதுநீர் நிரப்ப வேண்டும். எவர்சில்வர்ப் பாத்திரங்களைக் கழுவிக் கொதிநீரில் இட்டு எடுத்துக்கொள்ளலாம். வெள்ளநீர் தொட்ட அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றை எவ்வளவு மனம் வருந்தினும் விலக்கியே ஆக வேண்டும். பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் அதுவே விதி. அவற்றின் உட்பகுதியைத் தூய்மை செய்ய வழியில்லை.

குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் எந்திரம், மோட்டார் ஆகியவற்றை இயங்குகின்றனவா என்று சோதித்துப் பார்க்கும் ஆவல் எழும். ஈரம் உள்ள நிலையில் இயக்குவதே பல எந்திரங்களை மீட்க முடியாதபடி கெடுத்துவிடுகிறது. நீரில் மூழ்கிய இருசக்கர வாகனத்துக்கும் இது பொருந்தும்.

காற்றும் சுவரும்

உலர்த்துதல் என்பது ஈரத்தைப் பொருளிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து வீட்டிற்கு வெளியேயும் அனுப்புதல் ஆகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெளிக்காற்றே ஈரம் நிறைந்திருப்பதால் நம் நாட்டில் இப்பணி கடினமாகிறது. மழை பெய்யும் வேளையில் சாளரங்களைத் திறந்து வைப்பதால் பயன் சிறிதே. வெயில் தலைகாட்டியதும் எதிரெதிர்ச் சாளரங்களையும் கதவுகளையும் ஒருசேரத் திறக்க வேண்டும். மின்பணியாளர் கம்பிகளைச் சோதித்து இசைவு தந்தபின் மின்விசிறிகளை இரவும் பகலும் சுழலவிடலாம். பீரோ, கட்டில் முதலியவற்றைச் சுவரிலிருந்து ஒரு முழமேனும் தள்ளிவைத்தல் வேண்டும். அவற்றின் பின்புறமே பூஞ்சையின் முதல் உறைவிடம். அலமாரிக் கதவுகளும் இழுப்பறைகளும் திறந்தே இருக்கட்டும். உப்பிய இழுப்பறை திறக்க மறுத்தால் முன்புறம் பிடித்து இழுக்காமல் பின்பலகையைக் கழற்றிப் பொருள்களை எடுப்பது தச்சர் கையாளும் முறை.

தேக்கு, வேங்கை முதலிய மரங்கள் நீரைத் தாங்கும். அவற்றை நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும். கடுவெயிலில் வைத்தால் ஒருபுறம் விரைந்து சுருங்கிப் பலகை வளையும், வெடிக்கும். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகைகள் ஒருமுறை உப்பிவிட்டால் மீண்டும் பழைய நிலைக்கு வாரா. ஈரத்தால் பருத்து மூட மறுக்கும் கதவை உடனே இழைத்துச் சரிசெய்வது பலரும் செய்யும் பிழை. இரண்டு மாதம் கழித்து மரம் சுருங்கியதும் கதவுக்கும் நிலைக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி தோன்றும்.

சுவரின் நிலையோ கண்ணை ஏமாற்றுவது. செங்கல் நுண்துளைகள் நிறைந்தது. விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோல் நுண்துளை ஏற்றத்தால் சுவர், நீரைச் சேற்றுக்கோட்டுக்கும் மேலே உறிஞ்சிக்கொள்கிறது. மேற்பூச்சு ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும். ஒன்பது அங்குலச் சுவரின் உட்பகுதி உலரப் பல மாதங்கள் ஆகலாம். உள்ளிருக்கும் நீர் மேற்பரப்பை நோக்கி வரும்போது செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு வெண்பூவாகச் சுவரில் எஞ்சுகிறது. இதனையே 'உப்புப் பூத்தல்' என்பர்.

சுவர் உலர்ந்ததா என அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஓரடிச் சதுரமுள்ள பாலித்தீன் தாளைச் சுவரின்மேல் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டிவிட வேண்டும். மறுநாள் தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் அரும்பியிருந்தால் சுவரில் இன்னும் ஈரம் உள்ளது.

தாள்கள்

இதுவரை கூறியவை எல்லாம் பணம் கொடுத்தால் மீண்டும் கிடைக்கக்கூடிய பொருள்களைப் பற்றியவை. வெள்ளம் வடிந்த வீடுகளில் குடும்பத்தார் முதலில் தூக்கித் துடைப்பது தொலைக்காட்சிப் பெட்டியைத்தான். அதற்குள் அலமாரியின் அடித்தட்டில் இருக்கும் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருக்கும். மீட்கும் வரிசையை விலையைக் கொண்டு வகுத்தல் சரியன்று; மீண்டும் பெற இயலாதது எதுவோ அதுவே முதலில் கைபட வேண்டியது.

நம் எடுத்துக்காட்டு வீட்டில் மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை, தாத்தாவின் ஒளிப்படங்கள், பாட்டி தம் கைப்பட எழுதிய மருந்துக்குறிப்பு நோட்டு ஆகியன ஒரே தகரப் பெட்டியில் நனைந்துள்ளன. இவற்றுள் முதல் மூன்றுக்கும் அரசு அலுவலகங்களில் பதிவு உண்டு. பதிவு செய்த பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறலாம். மதிப்பெண் சான்றிதழுக்கு மாற்றுப்படி கிடைக்கும். 2015 வெள்ளத்திற்குப் பின் இழந்த சான்றுகளுக்கு மாற்றுப்படி வழங்கத் தமிழக அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. பாட்டியின் கையெழுத்துக்கு எந்த அலுவலகத்திலும் நகல் இல்லை.

நனைந்த தாள், தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்த தாள். அதைப் பிரிக்க முயன்றால் கிழியும். நோட்டை மூடிய நிலையிலேயே இரு கைகளாலும் ஏந்தி எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். சேறு படிந்திருந்தால், மை கரையாதது என்று உறுதியான பின், மூடியபடியே தூய நீரில் மெல்ல அலசலாம். தட்டச்சு எழுத்தும் பந்துமுனைப் பேனாவின் எழுத்தும் பெரும்பாலும் நீரைத் தாங்கும். ஊற்றுப்பேனா மை பரவிவிடும். பிறகு, பிரியக்கூடிய இடங்களில் மட்டும் வெள்ளைத்தாளை இடையிட்டு, நிழலில், மின்விசிறிக் காற்று நேரே படாதவாறு உலர்த்த வேண்டும். இடைத்தாள் ஈரமானவுடன் மாற்றிக்கொண்டே இருத்தல் இன்றியமையாதது. வெயிலில் இட்டால் தாள் சுருண்டு நொறுங்கும். வழவழப்பான தாளில் அச்சிட்ட நூல்களை ஒட்டுமுன்பே பக்கம் பக்கமாகப் பிரித்துவைக்க வேண்டும். ஒட்டிக் காய்ந்துவிட்டால் அவை கற்பலகைதான். ஒன்றோடொன்று ஒட்டிய ஒளிப்படங்களை உரித்தல் கூடாது. தூய நீரில் ஊறவைத்தால் பெரும்பாலானவை தாமே பிரியும். பின்னர்ப் படமுகம் மேல்நோக்க, விரல் படாமல் பரப்பிவைக்கலாம். நெகிழித்தாளில் அழுத்தி மூடிய சான்றிதழ்களுக்குள் ஓரம் வழியே நீர் புகுந்தால் அது வெளியேற வழி இராது. எனவே மூலச் சான்றிதழ்களை அவ்வாறு மூடாமல் உறைகளில் இட்டு உயரமான இடத்தில் வைப்பதே தக்கது. நம் முன்னோர் ஏடுகளைப் பரணில் வைத்ததன் பயன் வெள்ளக் காலத்தில் விளங்கும்.

இரண்டு நாளுக்குள் உலர்த்த முடியாத அளவுக்குத் தாள்கள் மிகுந்திருந்தால் என் செய்வது? அவற்றைப் பகுதி பகுதியாகப் பாலித்தீன் உறையில் இட்டு, குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் வைத்துவிடலாம். உறைந்த தாளில் பூஞ்சை வளராது. மையும் மேலும் பரவாது. ஓய்வு கிடைக்கும்போது சிறிது சிறிதாக எடுத்து உலர்த்திக்கொள்ளலாம். நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் கையாளும் முறை இது. 2015இல் நிகழ்ந்ததுபோல் பகுதி முழுவதும் மின்சாரம் இல்லாத நிலையில் இவ்வழி உதவாது. மின்சாரம் உள்ள பகுதியில் வாழும் உறவினர் வீடே துணை.

தாள்களை மீட்கும் கலை, ஒரு பெரிய இழப்பின் வழியே வளர்ந்தது. 1966 நவம்பர் 4ஆம் நாள் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு கரைபுரண்டு தேசிய மைய நூலகத்தில் புகுந்தது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட நூல்களும் தாள்களும் சேற்றில் அமிழ்ந்தன. பல நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி நூல்களை மேலேற்றினர். இத்தாலிய மக்கள் அவர்களைச் 'சேற்றுத் தேவதைகள்' என்று அழைத்தனர். புகையிலை உலர்த்தும் கூடங்களிலும் நூல்கள் உலர்த்தப்பட்டன. அந்நூல்களைச் செப்பனிடும் பணி பல பத்தாண்டுகள் நீண்டது.

பொங்கலுக்கு முன்

தமிழகத்தில் வெள்ளம் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வருகிறது. 2023இலும் டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. வெள்ளம் வடிந்த நான்கைந்து வாரங்களில் பொங்கல் வந்துவிடுகிறது. சேற்றுக்கோடு தெரியும் சுவரோடு திருநாளை வரவேற்க எவருக்கும் மனம் ஒப்பாது. நெகிழித்தன்மை வாய்ந்த இக்கால வண்ணப்பூச்சை ஈரச்சுவரின்மேல் அடித்தால் அது உள்ளிருக்கும் நீரைச் சிறைப்படுத்திவிடும். சில மாதங்களில் பூச்சு கொப்புளித்து உரியும். அதன் அடியில் பூஞ்சை படர்ந்திருக்கும். சுண்ணாம்புப் பூச்சோ நீராவி வெளியேற இடம் தரும். அதன் காரத்தன்மை பூஞ்சை வளர்ச்சிக்கும் தடையாகும்.

ஆகவே எடுத்துக்காட்டு வீட்டார் அவ்வாண்டு வண்ணம் வாங்கவில்லை எனக் கொள்ளலாம். சுண்ணாம்பை ஊறவைத்து இரண்டு முறை அடித்துவிட்டுப் பொங்கல் வைக்கின்றனர். கூடத்தில் நூல் கட்டி, அதில் பாட்டியின் நோட்டுப் பக்கங்கள் இன்னும் உலர்ந்துகொண்டிருக்கின்றன. சமையலறைச் சுவரில் மகள் ஒட்டிய பாலித்தீன் தாளின் உட்புறத்தில் பொங்கலன்று காலையிலும் நீர்த்துளிகள் அரும்பியுள்ளன.